துணி இருக்கு, ஆளைக் காணோம்

(பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவ கிராமம் ஒன்றின் மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

போனை மடியில் மறைத்து வைத்துக்கொண்டு முன்வரிசையில் விளையாடிக் கொண்டிருக்கும் தம்பிகளே,

மெக்சிகோ நாட்டுச் சந்தையில் தலையிலோ கழுத்திலோ கட்டிக்கொள்ளும் சதுரத் துணி ஒன்று விற்கும். சிவப்பில் வெள்ளைப் பூ போட்டது. அதற்கு அங்கே பெயர் 'பாலியகாத்தே'. மலேசியாவில் ஆண்கள் வீட்டில் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்குப் பெயர் 'காயின் பெலிக்காட்'. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பக்கத்து நெசவாளிகள் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒருவகை வண்ணக் கைக்குட்டையை நெய்து விற்றார்கள். அதை 'புலிகேட்' என்றார்கள். மூன்று கண்டம், மூன்று மொழி, ஒரே ஊர்ப் பெயர். இதோ, இந்த ஊர். பழவேற்காடு.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பியது. 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். அவர்களை இந்தக் கரைக்கு இழுத்தது துணி. ஜாதிக்காயும் கிராம்பும் விளைந்த கிழக்குத் தீவுகளில் காசை நீட்டினால் வாங்க மாட்டார்கள், சோழமண்டலத் துணியைக் காட்டினால் மூட்டையை அவிழ்ப்பார்கள். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலும் இந்தக் கரைத் துணிக்குக் கிராக்கி இருந்தது. அங்கே அதைக் கொடுத்து ஐரோப்பியர்கள் வாங்கிய சரக்கு மனிதர்கள்.

அப்படி வாங்கப்பட்டவர்கள் அட்லாண்டிக் கடலைத் தாண்டிக் கரும்புக் காட்டுக்கும் பருத்திக் காட்டுக்கும் போனார்கள். பின்னாலேயே துணியும் போனது. கரீபியன் தீவுகளில் 'மெட்ராஸ்' என்றாலே கட்டம் போட்ட தலைத்துணி. மார்த்தினிக், குவாதலூப், செயின்ட் லூசியா ஆகிய தீவுகளில் இன்றும் விழா உடை அதுதான். அமெரிக்காவின் லூசியானாவில் 1786-இல் ஸ்பானிய ஆளுநர் எஸ்தபான் மீரோ ஓர் உத்தரவு போட்டார். ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள், அடிமைத்தளையில் இல்லாதவர்களே ஆனாலும், தலைமுடியைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். அவர்களுடைய கூந்தல் அலங்காரம் வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் கண்ணை உறுத்தியதாம். அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? இருப்பதிலேயே பளிச்சென்ற துணியை வாங்கி, விதவிதமாக முடிச்சுப் போட்டு, முன்னைவிட அழகாகத் தெருவில் நடந்தார்கள். இங்கே மீன்கூடை சுமக்கும் பெண் சும்மாட்டைச் சுற்றி வைக்கும்போது அதிலும் ஒரு எடுப்பு இருக்கும், கவனித்திருப்பீர்கள். அந்த எடுப்பை எந்தச் சட்டத்தாலும் பறிக்க முடிவதில்லை.

சட்டத்தால் முடியாததைப் பிற்பாடு ஒரு பொட்டலத்துப் படம் செய்தது. 1889-இல் அமெரிக்காவில் தோசைமாவு மாதிரி ஒரு ரெடிமேட் பான்கேக் மாவு வந்தது. அதன் பெயர் 'ஆன்ட் ஜெமைமா', ஜெமைமா அத்தை. வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களை நையாண்டி செய்து ஆடிய மின்ஸ்ட்ரல் மேடைகளில் பாடப்பட்ட ஒரு பாட்டிலிருந்து எடுத்த பெயர். பொட்டலத்தில் குண்டான, வாயெல்லாம் பல்லான ஒரு கறுப்புச் சமையற்காரி. தலையில் முடிச்சுப் போட்ட துணி. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் இந்த வேடத்தில் நின்று மாவு விற்றவர் நான்சி கிரீன். அவர் பிறந்ததே அடிமையாக. அதே முகம் பிறகு துணிப் பொம்மையானது, உப்புக் குடுவையானது, பிஸ்கட் ஜாடியானது. வீட்டுக்கு வீடு அடுப்படியில் அந்தச் சிரிப்பு. 1968-இல் தலைத்துணியைக் கொஞ்சம் சுருக்கினார்கள், 1989-இல் எடுத்தே விட்டார்கள். 2020 ஜூனில் பெயரையும் கைவிடுவதாகக் கம்பெனி அறிவித்தது. 131 வருஷம்.

கேலிப்படம் என்பது எப்படித் தயாராகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஒரு மனுஷி இருக்கிறாள். அவள் தலையில் ஒரு துணி. துணியை வைத்துக்கொண்டு மனுஷியை அப்புறப்படுத்திவிடுவார்கள். துணியைப் பார்த்ததும் எல்லாருக்கும் சிரிப்பு வரும். துணிக்குள்ளே யார் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

டச்சுக்காரர்களுக்கு வருவோம், அவர்கள் நமக்குப் பழைய பழக்கம். டிசம்பர் 5-ஆம் தேதி இரவு நெதர்லாந்தில் சிண்டர்கிளாஸ் என்ற தாடிக்காரப் பாதிரியார் குதிரையில் வந்து பிள்ளைகளுக்குப் பரிசு தருவார். கூடவே ஒரு வேலைக்காரன் வருவான். சுருட்டைமுடி டோப்பா, தடித்த சிவப்பு உதடு, காதில் தங்க வளையம், பழங்கால அரண்மனை எடுபிடியின் பட்டுச் சட்டை, அண்மைக்காலம் வரை முகம் முழுக்கக் கறுப்புச் சாயம். பெயர் 'ஸ்வார்த்த பீட்', கறுப்புப் பீட்டர். இந்தக் கறுப்பு வேலைக்காரனைப் பிரபலமாக்கியது யான் ஸ்கெங்க்மன் என்ற பள்ளி ஆசிரியர் 1850-இல் எழுதிய குழந்தைகள் புத்தகம். அந்த வருஷம் டச்சுக் காலனிகளில் அடிமை முறை சட்டப்படியே நடந்துகொண்டிருந்தது. கிழக்கிந்தியத் தீவுகளில் ஒழிந்தது 1860-இல், சூரினாமில் 1863-இல்.

விமர்சனம் கிளம்பியபோது வந்த சமாதானம் சுவையானது. 'பீட்டர் கறுப்பனே இல்லை, புகைபோக்கி வழியாக இறங்குகிறானல்லவா, அந்தக் கரிதான் முகத்தில்.' சட்டையில் ஏன் ஒரு பொட்டுக் கரிகூட ஒட்டவில்லை என்று பிள்ளைகளே கேட்டார்கள். 2011 நவம்பரில் டோர்ட்ரெக்ட் நகர ஊர்வலத்தில் 'கறுப்புப் பீட்டர் இனவெறி' என்று எழுதிய பனியனோடு நின்ற குவின்சி காரியோ என்ற கலைஞரையும் அவருடைய தோழரையும் போலீஸ் தரையில் தள்ளி இழுத்துக்கொண்டு போனது. அந்தப் படங்கள் பரவிய பிறகுதான் வாக்குவாதம் வீட்டுக்கூடம் வரை வந்தது. பீட்டர் என்றால் கறுப்புத்தானே என்று 2013-இல் பேசிய அப்போதைய பிரதமர் மார்க் ருத்தே, தன் மனசு மாறிவிட்டதாக 2020-இல் சொன்னார். 2022 டிசம்பரில் அடிமை வணிகத்துக்காக அரசு சார்பில் மன்னிப்பும் கேட்டார்.

இந்தப் பெயரில் ஒரு பழைய சீட்டாட்டமும் உண்டு. ஜெர்மனியில் 'ஷ்வார்ட்சர் பீட்டர்'. சீட்டுகள் சோடி சோடியாக இருக்கும், ஒன்று மட்டும் சோடி இல்லாமல் நிற்கும். அது கறுப்புப் பீட்டர். சோடி சேர்த்துச் சேர்த்து இறக்கி, கடைசியில் யார் கையில் அது தங்குகிறதோ அவர் தோற்றார். தோற்றவர் மூக்கில் கரிப்பொட்டு வைப்பதும் வழக்கம். சில சீட்டுக்கட்டுகளில் பீட்டர் புகைபோக்கி துடைப்பவன், சிலவற்றில் பல்லை இளிக்கும் ஆப்பிரிக்கன். நம் பிள்ளைகளும் சீட்டில் தோற்றவனைக் 'கழுதை' என்றுதான் கத்துகிறார்கள். ஆனால் கழுதைக்கு அக்கம்பக்கத்தில் குடும்பம் கிடையாது, பள்ளிக்கூடத்தில் அதன் பிள்ளை நம் பிள்ளை பக்கத்தில் உட்காருவதும் இல்லை. டச்சு மொழியில் அடுத்தவன் தலையில் பழியைப் போடுவதற்கு இன்றும் சொல்லும் மரபுத்தொடர், 'கறுப்புப் பீட்டரை அவனிடம் தள்ளிவிடு' என்பது. ஆட்டம் முடிந்து சீட்டைக் கட்டி வைத்தாலும் மொழிக்குள் அது உட்கார்ந்துகொள்கிறது.

நம் கெல்டிரியா கோட்டையிலிருந்து துணியோடு ஆட்களும் போனார்கள் என்பதை ஊரில் அதிகம் பேசுவதில்லை. டச்சுக் கல்லறைத் தோட்டத்தை எல்லாரும் பார்த்திருக்கிறோம். வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளுக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுப்பதற்கென்றே சென்னையிலிருந்து வருகிறார்கள். உள்ளே கம்பெனிக்காரர்களின் பெயரும் குடும்பச் சின்னமும் கல்லில் அழகாக வெட்டப்பட்டிருக்கின்றன. 17-ஆம் நூற்றாண்டில் பஞ்சம் வந்த வருஷங்களில் தன்னையும் பிள்ளையையும் விற்றுக்கொண்டவர்கள் இந்தக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கில் படேவியாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேற்றப்பட்டார்கள். படேவியா என்பது இன்றைய ஜகார்த்தா. அவர்களுக்குக் கல்வெட்டு இல்லை. அவர்களில் ஒருத்தியைப் பற்றிக் கடைசியில் பேசலாம், அவசரம் வேண்டாம்.

விளையாட்டுக்கு வந்தால் தம்பிகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அமெரிக்கத் திருவிழாக்களில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஒரு பந்தெறி ஆட்டம் இருந்தது. திரையில் ஓட்டை போட்டு அதில் ஒரு கறுப்பர் தலையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். காசு கொடுத்தவர் பந்தால் அடிப்பார். பட்டால் பரிசு. நம் ஊர்த் திருவிழாவில் பலூன் சுடுகிறோமே, பலூன் இருக்கும் இடத்தில் ஒரு மண்டை. இந்தச் சரக்குகளையெல்லாம் தேடிச் சேர்த்து மிச்சிகன் மாநிலத்து ஃபெரிஸ் அரசுப் பல்கலைக்கழகத்தில் ஒரு அருங்காட்சியகமே வைத்திருக்கிறார் டேவிட் பில்கிரிம் என்ற கறுப்பினப் பேராசிரியர். சிறுவனாக இருந்தபோது இப்படியொரு பொம்மையை வாங்கி, விற்றவர் கண்முன்னாலேயே போட்டு உடைத்தவர். வளர்ந்த பிறகு உடைப்பதை நிறுத்திவிட்டுச் சேர்க்கத் தொடங்கினார்.

வீடியோ கேம் வந்தபோது இந்தப் பழைய முகங்கள் புள்ளி புள்ளியாக உள்ளே நுழைந்தன. 1982-இல் நின்டெண்டோ விற்ற 'ஃபயர் அட்டாக்' என்ற கையடக்க விளையாட்டில், தலையில் இறகு செருகிய செவ்விந்தியர்கள் தீப்பந்தத்தோடு கோட்டைக்குத் தீ வைக்க வருவார்கள், வெள்ளைக்காரச் சிப்பாய் அடித்து விரட்ட வேண்டும். இருப்பது நிழலுருவம் மட்டும். முகம் போட இடமில்லை. இறகு போட்டால் போதும், அடிக்கலாம் என்று அர்த்தம். இந்த விளையாட்டை நினைவுபடுத்தும் அசைவு ஒன்று 2018-இல் 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்' விளையாட்டில் இறகோடு தலைகாட்டியது. கண்டனம் வந்ததும் நின்டெண்டோ மன்னிப்புக் கேட்டு அந்த இறகை அழித்தது. 36 வருஷத்துக்குப் பிறகு ஒரு இறகு.

இந்தியர்கள் தப்பினார்களா? 1987-இல் வந்த 'பஞ்ச்-அவுட்' குத்துச்சண்டை விளையாட்டில் பம்பாயிலிருந்து வருகிறார் 'கிரேட் டைகர்'. தலையில் டர்பன், டர்பனில் ஒரு ரத்தினக்கல். குத்துவதற்கு முன்னால் அந்தக் கல் மின்னும். அதைப் பார்த்து விலகினால் ஜெயிக்கலாம். ஆக அந்தத் தலைப்பாகை வெறும் அலங்காரமாக இல்லை, அதுதான் ஆட்டத்தின் சாவி. ஆட்டக்காரன் அந்த ஆளின் கண்ணையோ கையையோ பார்க்க வேண்டியதே இல்லை, தலைத்துணியைப் பார்த்து அடித்தால் போதும். அதே வரிசையில் முன்பு 'வோட்கா டிரங்கன்ஸ்கி' என்று ஒரு ரஷ்யன் இருந்தான். வீட்டுப் பதிப்பில் பிள்ளைகள் விளையாடுவார்கள் என்று அவன் பெயரை 'சோடா பாப்பின்ஸ்கி' என்று மாற்றினார்கள். சாராயம் பிள்ளைகளுக்கு ஆகாது என்று தோன்றியவர்களுக்கு டர்பன் ஜாலம் ஆகாது என்று தோன்றவில்லை.

1991-இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' விளையாட்டைச் சென்னையின் வீடியோ கேம் பார்லர்களில் காசு போட்டு ஆடியவர்கள் இங்கே அப்பாமார்களாக உட்கார்ந்திருக்கலாம். உலகத்திலிருந்து வரும் சண்டைக்காரர்களில் இந்தியாவின் பிரதிநிதி தால்சிம். ஒட்டிய வயிறு, மொட்டைத் தலை, கழுத்தில் மண்டையோட்டு மாலை, ரப்பராக நீளும் கைகால், வாயில் நெருப்பு. பின்னால் வரிசையாக யானை. ஜப்பான், அமெரிக்கா, சீனா எல்லாருக்கும் சண்டை முறை உண்டு, இந்தியனுக்கோ மந்திரம். கை நீளும் இந்திய யோகி 1976-இல் வந்த ஒரு தைவான் சண்டைப் படத்திலேயே வந்துவிட்டார். சித்திரத்தைப் பார்த்து வரைந்த சித்திரம். விளையாட்டின் கதைக்குறிப்பில் தால்சிம் சண்டை பிடிக்காதவர், பெண்டாட்டி பிள்ளை உள்ளவர், ஊர் ஜனங்களின் பசிக்காகச் சண்டைக்குப் போகிறவர். கேட்க நல்ல மனிதர். ஆனால் கதைக்குறிப்பை யார் படித்தார்கள்? திரையில் தெரிந்தது மண்டையோடு.

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். தால்சிம்மை எடுத்து விளையாடி, 'பார்த்தியா, நம்ம ஆளு' என்று பெருமைப்பட்ட இந்தியப் பையன்கள் ஏராளம். அதைத் தப்பென்று எப்படிச் சொல்வது? மொத்த விளையாட்டிலும் தன் நாட்டுக்காரன் ஒருவன்தான் என்றால் அவன் நெருப்பு துப்பினாலும் கட்டிப்பிடித்துக்கொள்ளத்தான் தோன்றும்.

கிண்டலுக்கு ஆளானவன் எப்போதும் வாயை மூடிக்கொண்டிருக்கவும் இல்லை. 1861-இல் டேவ் கார்சன் என்ற அமெரிக்கர் கரிமுக மின்ஸ்ட்ரல் கோஷ்டியோடு இந்தியாவுக்கு வந்தார். கறுப்பர் வேடம் இங்கே கொஞ்சம்தான் எடுபட்டது. உடனே சரக்கை மாற்றி, வேட்டி கட்டி அரைகுறை ஆங்கிலம் பேசும் 'பெங்காலி பாபு'வாக வேடம் போட்டார். பம்பாயிலும் கல்கத்தாவிலும் துரைமார்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதே பூச்சு, வேறு ஆள். 1873-இல் கல்கத்தா நாடகக்காரர் அர்த்தேந்து சேகர் முஸ்தபி, 'முஸ்தபி சாகிப் கா பக்கா தமாஷா' என்று பதிலுக்கு ஒரு நிகழ்ச்சி போட்டார். இப்போது துரையாக வேடமிட்டவர் இந்தியர், சிரித்தவர்களும் இந்தியர்கள்.

எல்லாருக்கும் இந்த யோகம் வாய்ப்பதில்லை. 2019 ஜூலையில் சிங்கப்பூரில் மின்னணுப் பணம் செலுத்தும் சேவைக்கு ஒரு விளம்பரம் வந்தது. சீன நடிகர் ஒருவரே நாலு வேடம் போட்டிருந்தார். ஒன்று முக்காடிட்ட மலாய்ப் பெண். இன்னொன்று தோலுக்குப் பழுப்புச் சாயம் பூசிய இந்தியர், கழுத்து அட்டையில் பெயர் கே. முத்துசாமி. கோபப்பட்ட அண்ணன் தங்கை இருவர், ராப் பாடகர் சுபாஷ் நாயரும் யூடியூப் கலைஞர் பிரீத்தி நாயரும், காரமான சொற்களோடு ஒரு பாட்டு போட்டார்கள். விளம்பரக்காரர்கள் மன்னிப்புக் கேட்டார்கள், விளம்பரத்தில் குற்றம் ஒன்றும் இல்லை என்று முடிவானது. பாட்டுக்கு மட்டும் 24 மாத நிபந்தனை எச்சரிக்கை கிடைத்தது. அடித்தவனை விட்டுவிட்டு 'ஐயோ' என்றவனை அதட்டும் வாத்தியாரை நாம் எல்லாருமே ஏதாவது ஒரு வகுப்பில் பார்த்திருக்கிறோம்.

அந்தப் பக்கத்துத் தமிழர்கள் பல் துலக்கியதே ஒரு கேலிப்படத்தோடுதான். ஷாங்காயில் 1933-இல் தொடங்கிய ஒரு பற்பசைக்குப் பெயர் 'டார்க்கி', கறுப்பர்களை இழிவாக அழைக்கும் சொல். டப்பாவில் தொப்பி போட்ட மின்ஸ்ட்ரல் முகம், பளீர்ப் பல். கோல்கேட் பாதிப் பங்கை வாங்கிய பிறகு, 1989-இல் ஒரு எழுத்தை மாற்றி 'டார்லி' ஆக்கினார்கள். 'கறுப்பர் பற்பசை' என்ற சீனப் பெயரை மாற்றப்போவதாக அறிவிப்பு வந்தது 2021 டிசம்பரில்.

இதுவரை மற்றவர்கள் செய்ததைச் சொன்னபோது கூட்டத்தில் தலைகள் நன்றாக ஆடின. இனி நம் வீட்டுக்குள் வருவோம்.

1952-இல் வங்காளத்தில் 'பாஷேர் பாரி' என்று ஒரு நகைச்சுவைப் படம். அடுத்த வீட்டுப் பெண்ணைக் காதலிக்கும் பையன், அவளுக்குப் பாட்டு வாத்தியார், திரைக்குப் பின்னால் பாடிக் கொடுக்கும் நண்பன். இதே கதை தெலுங்குக்கு வந்தது, 1960-இல் தமிழில் 'அடுத்த வீட்டுப் பெண்' ஆனது, 1968-இல் இந்தியில் 'படோசன்'. இந்தியில் மட்டும் பாட்டு வாத்தியார் மாஸ்டர் பிள்ளை என்ற மதராஸி ஆகிவிட்டார். குடுமி, பட்டை, ஐயோ ஐயோ, கட்டை இந்தி. அந்த வேடத்தில் நடித்த மெஹ்மூத் அற்புதமான நடிகர்தான், சிரிப்பு வராமல் இருக்காது. ஆனால் அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் வடக்கே ரயில் ஏறிய ஒவ்வொரு தமிழனையும் அந்தக் குடுமி பின்தொடர்ந்தது.

சரி, அப்படி நோகடிக்கப்பட்டவர்கள் என்ன செய்தோம்? 2007-இல் வந்த 'சிவாஜி' படத்தில் நாயகனுக்குப் பார்த்த இரண்டு பெண்கள் அட்டைக் கறுப்பாக மேக்கப் போட்டுக்கொண்டு வருவார்கள். அவர்கள் கறுப்பு என்பதைத் தவிர அங்கே வேறு நகைச்சுவை கிடையாது. பெயர் அங்கவை, சங்கவை. பாரி வள்ளலின் மகள்களுக்கு மரபு தந்த பெயர்கள். தகப்பனாக வருபவர் நாடறிந்த தமிழ்ப் பேராசிரியர். முல்லைக்குத் தேர் கொடுத்தவனின் பிள்ளைகளுக்குப் புட்டிச் சாயம். அதே படத்தில் நாயகன் சிவப்பாவதற்குப் படும் பாடும், ஒரு பாட்டில் கணினி வரைகலையால் அவருக்கு வெள்ளைத் தோல் கொடுத்ததும் தனிக் கதை. கறுப்பான நாயகன் தன் கறுப்பைத் தானே கிண்டல் செய்துகொள்கிறார், அது அவர் உரிமை. பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு அந்த உரிமையை யார் கொடுத்தார்கள்?

பள்ளி ஆண்டுவிழா மாறுவேடப் போட்டியை நினைத்துப் பாருங்கள். ஒரு பிள்ளை பாரதியார், ஒரு பிள்ளை காந்தி, ஒரு பிள்ளைக்கு உடம்பெல்லாம் கரி பூசி, இலை தழை கட்டி, கையில் ஈட்டி கொடுத்து 'காட்டுவாசி'. கைதட்டல் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. ஊர்த் திருவிழா மேடையில் குறவன் குறத்தி ஆட்டம் என்ற பெயரில் ஒரு சமூகத்தையே ஆபாசமாகக் காட்டிய கூத்துக்கு எதிராக அந்தச் சமூகத்தவர் நீதிமன்றம் வரை போனார்கள். 2023-இல் தமிழக அரசு அந்த ஆட்டத்துக்குத் தடை போட்டது. அதுவரை அதைப் பார்த்து விசில் அடித்தவர்கள் அமெரிக்காக்காரர்களா, டச்சுக்காரர்களா?

மீனவனைப் பற்றிய படம் இரண்டு விதம். ஒன்று, வாய்நீளமான மீன்காரி, லுங்கியைத் தூக்கிக் கட்டிய அடியாள், 'குப்பம்' என்றாலே கத்தி என்ற கதை. மற்றது அழகான படம், அதனாலேயே கண்டுபிடிக்கக் கஷ்டம். தகழி சிவசங்கரப் பிள்ளை 1956-இல் எழுதிய 'செம்மீன்' நாவலை சுந்தர ராமசாமி தமிழில் தந்தார். 1965-இல் படமும் வந்தது. கடலுக்குப் போனவனின் உயிரைக் கரையில் இருக்கும் மனைவியின் கற்புதான் காக்கும் என்ற நம்பிக்கை அதன் உயிர்நாடி. இலக்கியமாக அதற்கு ஈடு சொல்ல முடியாது. ஆனால் கடற்கரையே காணாத வாசகனுக்கு, மீனவப் பெண் என்றால் அந்தக் கற்புக் கதைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. பழவேற்காட்டில் படகு கவிழ்வது எதனால் என்று இங்கே எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். முகத்துவாரம் தூர்ந்து மணல்மேடு தட்டினால் கவிழும். அதைத் தூர்வாரச் சொல்லி எழுதும் மனுவில் யாருடைய கற்பைப் பற்றியும் ஒரு வரி இருக்காது.

படத்தோடு நின்றால் தேவலை. 2021 டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப அரசுப் பேருந்தில் ஏறிய ஒரு வயதான அம்மாவை, நாற்றம் அடிக்கிறது என்று இறக்கிவிட்டார்கள். அவர் பேருந்து நிலையத்தில் நின்று புலம்பியதை யாரோ வீடியோ எடுத்ததால் விஷயம் வெளியே வந்தது. முதலமைச்சர் கண்டித்தார். ஓட்டுநர், நடத்துநர், நேரக்காப்பாளர் மூவரும் பணியிடை நீக்கம். அந்த நடத்துநர் தனியாகக் கெட்டவராக இருந்திருக்க வேண்டியதில்லை. மீன்காரியின் கூடையைப் பார்த்து மூக்கைப் பிடிக்கும் காட்சிக்கு எத்தனை தியேட்டரில் எத்தனை வருஷம் சிரித்திருக்கிறோம்? அவருக்குக் கூடை தெரிந்தது, அம்மா தெரியவில்லை.

இந்த ஏரிக்கரைக்குள்ளேயும் படிநிலை உண்டு என்பதையும் மறைக்க வேண்டாம். எந்த ஊருக்கு எந்த நாளில் எந்த இடத்தில் வலை போட உரிமை என்று சீட்டுப் போட்டுப் பிரிக்கும் 'பாடு' முறையை ஆராய்ச்சியாளர்கள் மெச்சி எழுதுகிறார்கள். அந்தச் சீட்டில் பெயரே இல்லாமல் சேற்றில் இறங்கிக் கையால் இறால் தடவும் இருளர்களைப் பற்றி இந்தக் கரையில் என்னென்ன வேடிக்கைப் பேச்சு ஓடுகிறது என்பது பேசுகிறவர்களுக்கே தெரியும்.

முன்பு சொன்ன அந்தப் பெண்ணுக்கு வருவோம். டச்சு ஏடுகளில் அவள் பெயர் 'குரோட் கத்ரெய்ன் வான் பாலியகட்டா'. பழவேற்காட்டுப் பெரிய கத்ரீனா. படேவியாவில் அடிமை. 1656-இல், தன்னை அடித்த காதலனைத் திருப்பித் தாக்கியதில் அவன் இறந்துபோனான். கொலை வழக்கு. மரண தண்டனை குறைந்து ஆயுளுக்கும் நாடுகடத்தல் ஆனது. 1657-இல் ஆப்பிரிக்காவின் தென்முனையில், இன்றைய கேப்டவுனில், டச்சுக்காரர்கள் புதிதாகப் போட்டிருந்த கோட்டையில் கொண்டுவந்து இறக்கினார்கள். அங்கே அவள் துணி வெளுத்தாள். துணிக்குப் பெயர்போன ஊர்க்காரி, தளபதி வீட்டு அழுக்குத் துணியை மலையடிவார ஓடையில் அலசினாள். ஹான்ஸ் கிறிஸ்டோஃபெல் ஸ்நைமன் என்ற சிப்பாய்க்கு ஒரு மகனைப் பெற்றாள். மன்னிப்புப் பெற்று, வங்காளத்திலிருந்து வந்திருந்த, அடிமைத்தளை நீங்கிய அந்தோணி என்பவரை 1671-இல் கல்யாணம் செய்துகொண்டாள்.

மகன் கிறிஸ்டோஃபெல் ஐரோப்பாவிலிருந்து வந்த அகதிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தான். அந்த வழியில் பெருகியது தென்னாப்பிரிக்காவின் ஸ்நைமன் குடும்பம். 1950-இல் அந்த நாடு சட்டம் போட்டு ஒவ்வொரு குடிமகனையும் நிறம் பார்த்துப் பட்டியலில் ஏற்றியபோது, ஸ்நைமன்களில் பலர் வெள்ளையர் பட்டியலில் ஏறினார்கள். இன்று தங்கள் வம்சாவளியைத் தேடும் ஸ்நைமன்கள் தலைமுறை தலைமுறையாக ஏறிப் போய்ப் போய், கடைசியில் ஒரு ஊர்ப் பெயரில் முட்டி நிற்கிறார்கள். வரைபடத்தை விரித்து, சென்னைக்கு வடக்கே, ஏரி கடலோடு சேரும் இடத்தில் விரலை வைக்கிறார்கள்.